இருவருக்கு ஒரு கறுப்புக் கோட்டு

மரியாதைக்கும் அன்புக்கும் (வரிசையை யோசித்துத்தான் போட்டிருக்கிறேன்) உரிய நாத்தனார் அவர்களுக்கு, உங்கள் அண்ணி, குழந்தையின் விளையாட்டுச் சாமான்களுக்கு அடியிலிருந்து ஒரு பேனாவைத் தேடி எடுத்து எழுதுவது. இங்கே நான், உன் அண்ணன், குட்டி மூவரும் சுகம். குட்டியின் மூக்கை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது நேற்றிலிருந்து ஒழுகுகிறது. அங்கே நீயும் உன் வகுப்புகளும் உன் தலைவலியும் எப்படி இருக்கிறீர்கள்? விடுதியில் நாலரை வருடம் என் போர்வையில் முக்கால் பாகத்தை இழுத்து மூடிக்கொண்டு தூங்கினவளை ‘அவர்கள்’ என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் நாம் படித்த அதே துறையில் நீ இப்போது பாடம் எடுப்பவள், எனக்கு நாத்தனார், அதற்கும் மேல் இந்தக் கடிதத்தைத் துறைத் தலைவரிடம் காட்டப்போகிறவள். அதனால் முதல் வரிக்கு மட்டும் மரியாதை எடுத்து வைத்திருந்தேன். அது தீர்ந்துவிட்டது. இனிமேல் நீ நீதான். எல்லோரும் தூங்கிவிட்டார்கள், குளிராக வேறு இருக்கிறது, அந்தப் பழைய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். இதிலிருந்து எதையும் ஊகிக்காதே.

போன வாரம் நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. கடைசி அரையாண்டை முடிக்காமல் போனவர்கள் திரும்ப வந்து சேர இதுதான் கடைசி வாய்ப்பு, வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்காவிட்டால் படித்த நாலரை வருடமும் படிக்காததாகிவிடும். “வரேன்னா வரேன்னு சொல்லு. வரலைன்னா காரணத்தை எழுத்துல குடு. போன்ல உங்கிட்ட கேட்டா பாதிப் பதிலை உன் பொண்ணுதான் சொல்றா” என்றாய். நியாயம்தான். அன்றைக்கு நான் ‘யோசிக்கிறேன்’ என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் போனைப் பிடுங்கி உனக்கு ஏதோ உறுதி கொடுத்துவிட்டாள். அதை என் பதிலாக எடுத்துக்கொள்ளாதே. என் பதில் இது: நான் வரவில்லை. காரணங்களைக் கீழே எழுதுகிறேன், துறையில் தைரியமாகக் காட்டு.

முதல் காரணம் குட்டி. ஒன்றரை வயதில் ஒரு மனுஷி எதையெல்லாம் வாயில் போட முடியும் என்று உனக்குத் தெரியாது, தெரிந்தால் நீயும் தூங்க மாட்டாய். அவள் விளையாடினால் விழுந்துவிடுவாளோ என்று பார்க்கிறேன், சும்மா உட்கார்ந்தால் உடம்பு சரியில்லையோ என்று பார்க்கிறேன், தூங்கினால் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். வருகிறது என்று தெரிந்ததும் ஏன் இவ்வளவு வேகமாக வருகிறது என்று அடுத்த கவலை ஆரம்பிக்கிறது. குழந்தை டாக்டர் போன முறை குட்டியின் நெஞ்சைத் தட்டி, வாயைத் திறந்து, காதுக்குள் விளக்கு அடித்து, எல்லாம் முடிந்த பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “குழந்தை ஜம்முனு இருக்கு. அம்மாவுக்கு ஏதாவது எழுதித் தரட்டுமா?” என்று கேட்டார். உன் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எழுதித் தருவார் என்று காத்திருந்தேன்.

இரண்டாவது காரணம், போன செவ்வாய்க்கிழமை. “ஒரே ஒரு நாள் சும்மா வந்து வகுப்புல உக்காந்து பாரு, பிடிக்கலைன்னா விட்டுடு” என்று சொன்னது நீதான். சொல்லிவிட்டு அதே நாளில் வெளியூர்க் கருத்தரங்குக்குப் போய்விட்டாய். பிள்ளைகள் உன்னிடம் ஆளுக்கு ஒரு மாதிரி கதை சொல்லியிருப்பார்கள், வாத்து வரைக்கும் உன் காதுக்கு வந்திருக்கும். நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன். கேட்டு முடித்தால் நானே வருகிறேன் என்றாலும் நீ என்னைச் சேர்க்க மாட்டாய்.

காலையில் உன் அண்ணன் லீவு போட்டுவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தயாராக நின்றார். எப்போது பால், எப்போது சாப்பாடு, எந்த அழுகைக்கு எந்தப் பொம்மை என்று நான் படுக்கையறையில் சொல்ல ஆரம்பித்து, சொல்லிக்கொண்டே செருப்பைப் போட்டு, சொல்லிக்கொண்டே மாடிப்படி இறங்கி, தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தும் சொல்லிக்கொண்டிருந்தேன். “கொட்டாவி விட்டா தூக்கம்னு நெனச்சுடாதீங்க, அது பசி!”

“தெரியும்மா. நானும் இந்த வீட்லதான் இருக்கேன்” என்றார் ஜன்னலில் இருந்து.

“அப்போ அவளோட பச்சை மூடி டம்ளர் எங்க இருக்கு, சொல்லுங்க பாப்போம்!”

எதிர் வீட்டு ஜன்னலில் இருந்து, “பாத்திரம் கழுவற எடத்துலதான் இருக்கும்மா, நீ நிம்மதியாப் போயிட்டு வா” என்று பதில் வந்தது. தெருவுக்கே தெரிந்திருக்கிறது, இவருக்குத் தெரியவில்லை. குட்டி அவர் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் கையை ஆட்டினாள். அழவில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள். பொட்டுக் கண்ணீர் இல்லை. யாரோ பக்கத்து வீட்டுக்காரி ஊருக்குப் போகிற மாதிரி ஒரு கையாட்டல், அவ்வளவுதான். நான் பஸ்ஸில் ஏறி, அவளுக்கும் சேர்த்து நானே அழுதேன்.

கிளம்பும்போது இன்னொன்றும் செய்தேன். அலமாரியைத் திறந்ததும் கை தானாகக் கறுப்புக் கோட்டை எடுத்துவிட்டது. அந்தக் கோட்டைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்லப்போகிறேன், ஏனென்றால் எனக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது, இதைச் சொன்னால் புரிந்துகொள்ள உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? ‘சர்வதேசச் சட்டமும் சமூக நீதியும்’ என்று படிப்பின் பெயரே மூச்சு வாங்கும். அதைக் கேட்டுவிட்டு என் அப்பா, “இதைப் படிச்சா எந்த நாட்ல வேலை குடுப்பான்?” என்று கேட்டார். உன் அப்பா, “ஊருக்கெல்லாம் நீதி வாங்கிக் குடுத்துட்டு நீ கடைசியில எங்கிட்டதானே செலவுக்கு வருவ?” என்று கேட்டாராம். முதல் நாள் நாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததுகூட நட்பினால் அல்ல, மழை உள்ளே அடிக்கிற ஜன்னலோரத்தில் வேறு யாரும் உட்காராததால்தான். அந்த ஜன்னல் சாத்தாது. நீ தேர்வுத்தாளை மடித்துச் சந்தில் செருகி வைப்பாய், அது உன் மதிப்பெண்ணையும் மறைக்கும், மழையையும் தடுக்கும்.

எந்தப் பதிலையும் கடைசி வரை பொறுமையாகக் கேட்டு, தலையை ஆட்டி, மனசு குளிர வைத்துவிட்டு, “ஆனால்…” என்று தொடங்குவாரே நம் பேராசிரியர், அந்த ‘ஆனால்’ சார் மூட் கோர்ட்டுக்கு, அதாவது அந்தப் பாவனை நீதிமன்றத்துக்கு, வைத்திருந்த சட்டம் வேறு எந்தப் பல்கலைக்கழகத்திலும் இருக்காது. “ஒரு பக்கத்து வாதத்தை மட்டும் எழுதிட்டு வந்தவங்க எழுந்து வெளிய நில்லுங்க. எதிர்ப்பக்கத்தையும் நீங்களே பேசணும். ரெண்டையும் பேசின பிறகு எது உள்ளுக்குள்ள நிக்குதோ, அதுதான் உங்க கட்சி” என்பார். ஒரு பெஞ்சுக்கு இரண்டு பேர். ஒருத்தி எழுந்து மனுதாரருக்குப் பேச வேண்டும், அவள் உட்கார்ந்ததும் அடுத்தவள் எழுந்து எதிர்மனுதாரருக்குப் பேச வேண்டும். பேசுகிறவர் கறுப்புக் கோட்டில் இருக்க வேண்டும். நம் இரண்டு பேருக்கும் சேர்த்து இருந்தது ஒரே கோட்டு, உன் அண்ணன் இன்டர்வியூவுக்கு என்று தைத்தது. அதன் தோள் நம் முழங்கைக்கு வரும். நீ மாட்டிக்கொண்டு பேசுவாய். உன் நேரம் முடிகிறபோது நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கோட்டின் கையைப் பிடித்து ஒரே ஒரு இழுப்பு இழுப்பேன். நீ வாக்கியத்தை முடித்து, உட்கார்ந்துகொண்டே கழற்றுவாய், நான் எழுந்துகொண்டே மாட்டுவேன். கடைசிக் காலத்தில் அது கண்ணுக்கே தெரியாத வேகத்துக்கு வந்துவிட்டது. ஒரு தடவை மட்டும் இடது கையில் நீயும் வலது கையில் நானுமாக இரண்டு பேரும் ஒரே கோட்டுக்குள் நின்று, “மாண்பமை நீதிமன்றத்துக்கு” என்று சேர்ந்தே ஆரம்பித்தோமே, நினைவிருக்கிறதா? “இது எந்தக் கட்சி?” என்று சார் கேட்டார். “நடுநிலை சார்” என்றாய் நீ.

நீ எப்போதும் மனுதாரர், நான் எப்போதும் எதிர்மனுதாரர். உனக்கு வகுப்பு வைத்த பெயர் ‘ஆட்சேபணை’, எனக்கு ‘எதிர்த்தரப்பு’. எந்த நாடு எந்த அநியாயம் செய்திருந்தாலும் அதன் சார்பில் எழுந்து நின்று, அது தங்கமான நாடு என்று வாதாடியது நான்தான். வகுப்பு முடிந்து மாடிப்படியில் இறங்கும்போது நீ என்னைத் திட்டுவாய், ஜெராக்ஸ் கடைக்காரர் நாம் அடித்துக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே பக்கங்களை மாற்றி அடித்துக் கொடுப்பார், நாம் அதைத் தப்பான வரிசையிலேயே மனப்பாடம் செய்துவிட்டுப் போவோம். மூன்றாம் வருடம் உனக்குக் காய்ச்சல் என்று கோட்டைத் திருப்பிக் கொடுக்க நானே உன் வீட்டுக்கு வந்தேன். உன் அண்ணன் கோட்டை விரித்துப் பார்த்து, “நடுவுல இருந்த பொத்தான் எங்கங்க?” என்று கேட்டார். “பொத்தான் இருந்ததுக்கு ஆதாரம் இருக்கா?” என்றேன் நான், பழக்க தோஷத்தில். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “அப்போ நீங்களே வச்சுக்குங்க” என்றார். கோட்டைக் கொடுக்கப் போனவள் கோட்டையும் கொடுக்காமல் கோட்டுக்காரரையும் சேர்த்துக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள் என்று நீ விடுதி முழுக்கச் சொல்லித் திரிந்தாய். அது உண்மைதான் என்பதால் அப்போது நான் மறுக்கவில்லை. கல்யாணத் தேதியைக் கடைசி அரையாண்டுக்குள் பெரியவர்களே குறித்துவிட்டார்கள், என் படிப்பு அங்கேயே நின்றது.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வாசல் காவலர் புதியவர், என்னை நிறுத்திவிட்டார். பக்கத்தில் நின்ற ஒரு மாணவன் பணிவாக, “யாரைப் பாக்கணும் ஆன்ட்டி? பையனுக்கு அட்மிஷனா?” என்று கேட்டான்.

“பையன் இல்ல. பொண்ணு. ஒன்றரை வயசு” என்றேன்.

“அப்போ இன்னும் டைம் இருக்கு ஆன்ட்டி” என்றான். கிண்டல் இல்லை, ஆறுதலாகத்தான் சொன்னான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வகுப்பறை அப்படியே இருக்கிறது. அந்த ஜன்னல் இன்னும் சாத்தவில்லை, யாரோ புதிதாக ஒரு தாளை மடித்துச் செருகியிருக்கிறார்கள், அதிலும் மதிப்பெண் உள்பக்கமாகத்தான் மடிக்கப்பட்டிருக்கிறது. நம் பெஞ்சில் இருந்த மைக்கறைகூட இருக்கிறது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் எனக்குக் குழந்தையே இல்லாத மாதிரி, நீ தாமதமாக ஓடி வந்து ‘தள்ளு தள்ளு’ என்று இடிக்கப்போகிற மாதிரி இருந்தது. சார் வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தார், தெரிந்ததா என்று தெரியவில்லை. குறிப்பெடுக்கலாம் என்று பையைத் திறந்தேன். உள்ளே அணையாடைகள், பால் பாட்டில், துடைக்கும் துணி, அமுக்கினால் கத்துகிற மஞ்சள் வாத்து. வாசலில் இருந்த இரண்டு கறுப்புப் பைகளில் நான் குட்டியின் பையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். என் நோட்டும் என் போனும் வீட்டில். அவளுடைய பால் பாட்டில் இங்கே. அந்த நிமிஷமே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

பக்கத்தில் இருந்த கண்ணாடி போட்ட பெண்ணிடம் போனைக் கடன் வாங்கினேன். உன் அண்ணன் எண்ணை நினைவுபடுத்திப் பார்த்தால் ஒரு இலக்கம்கூட வரவில்லை. செல்போன் என்று ஒன்று வந்ததிலிருந்து யார் எண் யாருக்குத் தெரிகிறது? ஆனால் விரல் தானாக ஒரு எண்ணை முழுசாக அழுத்தியது, மணி அடித்தது, அந்தப்பக்கம் கரகரவென்று ஒரு குரல், “விடுதி. எந்த ரூம்?” என்றது. நம் வார்டன் அம்மா! நான் பதறிப்போய் நம் அறை எண்ணைச் சொல்லிவிட்டேன். “அவங்க கிளாஸுக்குப் போயிருக்காங்க. நீ யாரு?” என்றார் அவர். நான் யார் என்று எனக்கே சொல்ல வரவில்லை. வைத்துவிட்டேன்.

அன்றைக்குப் பார்த்து மூட் கோர்ட் ஒத்திகை. மேலாற்று நாடு என்று ஒன்று அணை கட்டுகிறது, கீழாற்று நாட்டுக்குத் தண்ணீர் வரவில்லை, கரையோரத்தில் துணி வெளுத்தும் மீன் பிடித்தும் பிழைக்கிறவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, இதுதான் வழக்கு. கீழாற்று நாடு மனுதாரர். அதற்குப் பேச வேண்டிய மாணவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது, அவன் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அவனுடைய ஜோடி, எதிர்மனுதாரருக்குப் பேச வேண்டியவள், இந்தக் கண்ணாடிப் பெண். சார் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “கோட்டோட வந்திருக்காங்களே, அவங்க பேசட்டும்” என்றார். நான் மாட்டேன் என்று சொல்லத்தான் எழுந்தேன். எழுந்ததும் கோட்டுப் பைக்குள் கை போனது, அதில் குட்டி எனக்காக எப்போதோ போட்டு வைத்த பாதி பிஸ்கட் இருந்தது, அதைத் தொட்டதும் தைரியம் வந்ததா மூளை போனதா தெரியவில்லை, “மாண்பமை நீதிமன்றத்துக்கு வணக்கம்” என்று ஆரம்பித்துவிட்டேன்.

என்னமாய்ப் பேசினேன் தெரியுமா! ஒரு நாடு தன் எல்லைக்குள் தன் தண்ணீரைத் தேக்க உரிமை இல்லையா என்றேன், வெள்ளம் வந்தபோது கீழாற்று நாடு நன்றி சொன்னதா என்றேன், அணையால் வெளிச்சம் பெறுகிற வீடுகளில் குழந்தைகள் இல்லையா என்றேன். நாலரை வருடத்து வாதமெல்லாம் மழைத்தண்ணீர் மாதிரி வந்தது. நான் எந்த நாட்டுக்குப் பேச எழுந்தேனோ அந்த நாட்டை நானே அடியோடு கவிழ்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எதிர்த்தரப்பாகவே நின்று பழகினவளுக்கு மனுதாரராக எழுந்தால் மட்டும் வாய் மாறுமா? கண்ணாடிப் பெண் கீழேயிருந்து, “அக்கா… அக்கா… நம்ம கட்சி அது இல்ல… அது நான் பேச வேண்டியது” என்று முனகியிருக்கிறாள். என் காதில் விழவில்லை. கடைசியில் பொறுக்க மாட்டாமல் அவள் கோட்டின் கையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, நீதான் பொறுப்பு. கையை இழுத்தால் என்ன செய்வோம்? வாக்கியத்தை முடித்தேன், கோட்டைக் கழற்றினேன், உட்கார்ந்துகொண்டே அவள் மடியில் தள்ளிவிட்டேன். பாவம் அந்தப் பெண், கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்னவென்று புரியாமல் எழுந்து நின்றாள். நான் உட்கார்ந்த வேகத்தில் பையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். வாத்து கத்தியது. அவள் அதை நேரம் முடிந்த மணி என்று நினைத்து, ஒரு வார்த்தையும் பேசாமலே, “நன்றி, மாண்பமை நீதிமன்றமே” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வகுப்பே வெடித்தது. ‘ஆனால்’ சார் மேசையில் கவிழ்ந்து சிரித்தார். நாம் படித்த காலத்தில் அவர் பல்லைக்கூடப் பார்த்ததில்லையே! கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்தக் கோட்டு கை மாறிப் பாத்து எவ்வளவு நாளாச்சு” என்றார். பிறகு தலையை ஆட்டினார். “ஆனால்… கீழாற்று நாட்டுக்கு இன்னும் யாருமே பேசலையே. எழுந்திரும்மா, எதிர்த்தரப்பு.”

வகுப்பு நமக்கு வைத்த பெயர்கள் அவருக்குத் தெரியாது என்று நினைத்தோமே, எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் எழுந்தேன். கோட்டு இல்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக மனுதாரருக்காக. என்ன பேசுவது என்று தெரியவில்லை. இரண்டாம் வருடம் சமூக நீதித் தாளுக்காகக் கேள்விகளை எழுதிக்கொண்டு நாம் போனோமே அந்தத் தெருக்குழாய், அதுதான் கண்ணில் வந்தது. பெண்கள் வாளியை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள், நாம் கேள்வி கேட்க வாயைத் திறப்பதற்குள் ஒருத்தி, “கொஞ்சம் இவனைப் புடிம்மா, என் முறை வந்துடுச்சு” என்று பிள்ளையை என் கையில் கொடுத்தாள், அதைப் பார்த்து இன்னொருத்தி உன் கையில் ஒன்றைக் கொடுத்தாள். நீ அதைத் தடிமனான சட்டப் புத்தகம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாய். என்னுடையது என் தோளில் பால் கக்கியது. “நான் சத்தியமா பிள்ளை பெத்துக்க மாட்டேன்டி” என்று நான் சொன்னதற்கு நீதான் சாட்சி. அந்தக் குழாயைப் பற்றித்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். கீழாற்றுக் கரையில் இருக்கிறவர்கள் அணை வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும், கேட்டிருந்தால் சரி என்றுகூடச் சொல்லியிருக்கலாம், ஆனால் அவர்கள் வாழ்க்கையை அவர்களைக் கேட்காமல் இன்னொருவர் முடிவு செய்தார், அதுதான் வழக்கு, வேறு ஒன்றும் இல்லை என்றேன். சார் தலையை ஆட்டினார். நான் ‘ஆனால்’ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வயதாகிவிட்டது, மறந்திருப்பார் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. பால் பாட்டில் என்னிடம் இருக்கிறது, பிள்ளை பட்டினி கிடக்கிறாள் என்று கோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். வீட்டுக் கதவைத் திறந்தால் கூடம் முழுக்கத் தலையணை, பாத்திரம், ஒற்றைச் செருப்பு. நடுவில் உன் அண்ணன் தரையில் மல்லாந்து தூங்குகிறார், அவர் வயிற்றின்மேல் குட்டி தூங்குகிறாள், வாயோரத்தில் காய்ந்த பால். பச்சை மூடி டம்ளரில் குடித்திருக்கிறாள்.

“என்னைத் தேடினாளா?” என்று அவரை எழுப்பிக் கேட்டேன்.

“இல்லையே, ஜாலியா இருந்தா.”

நான் அழ ஆரம்பித்தேன்.

“தேடினா, தேடினா! ரொம்பத் தேடினா!”

நான் இன்னும் அதிகமாக அழுதேன்.

“தேடலைன்னாலும் அழற, தேடினாலும் அழற, மனுஷன் எதைத்தான் சொல்றது?” என்று அவர் எழுந்து உட்கார்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சரி, அதை விடு. உனக்குப் போகணுமா வேண்டாமா?” என்றார்.

“குட்டிக்கு இப்பத்தான் நடை வந்திருக்கு…”

“குட்டியைக் கேக்கல. உன்னைக் கேட்டேன்.”

எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரம்.

ஆகவே, கனம் நாத்தனாரே, எடுக்க வேண்டிய பையை எடுக்கத் தெரியாத, கணவன் எண் நினைவில் இல்லாத, எந்தக் கட்சிக்கு எழுந்தோம் என்பதையே மறந்து தன் கட்சியைத் தானே தோற்கடிக்கிற ஒருத்தியைத் திரும்பச் சேர்ப்பது அந்தத் துறைக்கும் நல்லதல்ல, கீழாற்று நாட்டுக்கும் நல்லதல்ல. இது என் இறுதி முடிவு. பழசை நினைத்து வருத்தப்பட மாட்டேன். சாத்தாத ஜன்னல், மாடிப்படிச் சண்டை, ஒற்றைப் போர்வை எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, அதற்குப் பட்டம் தேவையில்லை.

சாருக்கு என் வணக்கத்தைச் சொல். கண்ணாடிப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். வார்டன் அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே. உன் தொண்டையும் உன் கால்களும் கரும்பலகை முன்னால் நீண்ட நாள் நிற்கட்டும், உன் மாணவர்கள் உன்னைவிட அதிகமாக ஆட்சேபிக்கட்டும் என்று மனசார வாழ்த்தும்,

உன் அன்பு அண்ணி,
எதிர்த்தரப்பு

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போதுதான் உறைத்தது. ஒரு பக்கத்து வாதத்தை மட்டும் எழுதியிருக்கிறேன், சார் பார்த்தால் எழுந்து வெளியே நிற்கச் சொல்வார். முதலில் எப்போதும் தப்பான கட்சிக்குத்தான் எழுந்து நிற்பேன் என்பது உனக்குத் தெரிந்ததுதானே. அதனால் மறுபக்கத்தையும் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். நான் போனபோது குட்டி அழவில்லை. பச்சை மூடி டம்ளரை அவர் கண்டுபிடித்துவிட்டார். சார் எதையும் மறக்கிறவர் இல்லை, அந்த ‘ஆனால்’ வேண்டுமென்றேதான் வரவில்லை. இத்தனை பேர் இத்தனை நாள் எனக்காக முடிவு செய்தது போதாதென்று நானும் என்னைக் கேட்காமலே முடிவு செய்துகொண்டிருந்தேன், ஒரு மனுஷர் தூக்கக் கலக்கத்தில் கேட்டுவிட்டார், பதில் சொல்ல வேண்டாமா? இந்த வரியை எழுதும்போது குட்டி எழுந்து தடுமாறி வந்து என் கோட்டின் கையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். பழக்கம் விடுமா? வாக்கியத்தை முடித்தேன், கோட்டைக் கழற்றினேன், அவள் மேல் போர்த்தினேன், மடியில் தூங்கிவிட்டாள். எதிர்மனுதாரரின் வாதம் இத்துடன் முடிந்தது. வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதே, நாளைக்குக் காலையிலேயே என் பெயரைக் கொடுத்துவிடு. நடுப்பொத்தானைத் தைத்துவிட்டேன், நிறம் வேறு, பார்த்துச் சிரிக்காதே. நீ சம்பளம் வாங்குகிறவள், உனக்கென்று ஒரு கோட்டு வாங்கிக்கொள். இதைத் தர மாட்டேன். துவைக்கப் போடும்போது பையில் இருக்கும் பாதி பிஸ்கட்டை மட்டும் எடுக்க வேண்டும், அதற்குக் குட்டி எழுந்திருக்கட்டும். அவளைக் கேட்காமல் எப்படி எடுப்பது?